தங்கை மகன் விஷயமாக

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த சேதியை இரண்டே வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கம் முழுவதும் உன் தங்கை மகனைப் பற்றியே எழுதியிருக்கிறாய். பேத்திக்கு என் ஆசிகளைச் சொல். கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். "போன பொங்கலுக்கு முந்தின பொங்கலுக்கு வந்தபோது நம் மிக்ஸியைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தானே, அந்தப் பையனா?" என்று கேட்டுவிட்டு அவள் வெகுநேரம் பேசவே இல்லை.

சங்கிலிப் பறிப்பு வழக்கில் அவனைக் கைது செய்தது சரியா தவறா என்று நான் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டிய தேவையே இல்லை. கேமராவில் தெரிந்த வண்டியும் இவன் வண்டியும் ஒரே நிறம், அவ்வளவுதான். வண்டி எண்கூடத் தெரியவில்லை. "விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம்" என்று ஆவணி மாதத்தில் ஓர் இரவு அழைத்துப் போனவர்கள் ஐப்பசியில் ஜாமீன் கிடைக்கும்வரை அனுப்பவில்லை. பிறகு வேறு மாவட்டத்தில் ஒருவன் பிடிபட்டு, அடகுக் கடையிலிருந்து சங்கிலியும் மீட்கப்பட்ட பின், குற்றப்பத்திரிகையில் இவன் பெயரைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். நிச்சயம் செய்திருந்த கல்யாணம் நின்றது, பட்டறை வேலை போயிற்று. வண்டி இன்னும் ஸ்டேஷன் வளாகத்தில் வேப்ப மரத்தடியில் காற்றிறங்கி நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. வண்டிகளைக் காவல் நிலையங்களில் நீண்ட நாள் போட்டுவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. முதல் வேலையாக வண்டியையும் செல்போனையும் திரும்பக் கேட்டு நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுவிடுவோம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். "தப்பாகப் பிடித்ததற்கு நஷ்டஈடு என்று சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. எவ்வளவு என்று தெரிந்தால் உனக்கு வயிறு எரியும். ஆயிரம் ரூபாய்.

2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 399-ஆம் பிரிவு அது. போதிய காரணமின்றிக் கைதானவருக்கு, அவர் இழந்த நேரத்துக்கும் செலவுக்கும், அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். பழைய சட்டத்தில் 358-ஆம் பிரிவாக இருந்தது. 2005-இல் திருத்தும்வரை நூறு ரூபாய்தான். அந்தப் பணத்தையும் போலீஸ் கொடுக்காது. யார் போதிய காரணமின்றிக் கைது செய்ய வைத்தாரோ அவர்தான் கொடுக்க வேண்டும். நம் வழக்கில் புகார் கொடுத்தவர் சங்கிலியைப் பறிகொடுத்த ஒரு வயதான அம்மா. அவர் இவனைக் கைகாட்டவே இல்லையே! ஆகவே அந்தப் பிரிவு நமக்கு எந்த வகையிலும் உதவாது. புதிதாக ஒரு சட்டமே எழுத உட்கார்ந்தவர்கள், காவல்துறையின் தவறுக்கு அரசு என்ன கொடுக்கும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

1979-இல் குடியுரிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. சட்டவிரோதமாகக் கைதானவருக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு என்று அதில் ஒரு விதி இருக்கிறது. அந்த விதியைக் குறிப்பிட்டு, 'எங்கள் சட்ட முறையில் அப்படி ஓர் உரிமை இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நாம் கையெழுத்துப் போட்டோம்.

அதற்கு முன் நிலைமை இன்னும் மோசம். 1947 செப்டம்பரில் அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவரை மீரட்டில் சந்தேகத்தின் பேரில் பிடித்து, அவரிடமிருந்த 103 தோலாவுக்கும் மேலான, அதாவது ஒரு கிலோவைத் தாண்டிய தங்கத்தைப் பறிமுதல் செய்தார்கள். அவரை மறுநாளே விட்டுவிட்டார்கள். தங்கம் போலீஸ் பண்டகசாலையில் இருந்தது. அதைக் காக்க வேண்டிய ஏட்டே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். வியாபாரி வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார். 1964-இல் தீர்ப்பு வந்தது: கைதும் பறிமுதலும் அரசின் இறையாண்மை அதிகாரத்தின் பாற்பட்டவை, ஆகவே அரசு பொறுப்பேற்காது. கஸ்தூரி லால் வழக்கு என்று பெயர். நான் சட்டம் படித்த காலத்தில் அதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். அந்த வியாபாரியின் நிலையை நினைத்துப் பார்க்க அந்த வயதில் தோன்றவில்லை.

இந்தச் சுவரில் முதலில் ஓட்டை போட்டது பீகார்க்காரர் ஒருவரின் வழக்கு. ருதுல் சா என்பவரை முசாபர்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் 1968 ஜூன் 3-ஆம் தேதி நிரபராதி என்று விடுதலை செய்தது. சிறையிலிருந்து அவர் வெளியே வந்தது 1982 அக்டோபர் 16-ஆம் தேதி. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளுக்கு என்ன காரணம் என்று கேட்டபோது, அவருக்குச் சித்தம் சரியில்லை என்றது அரசு; அதற்கு உருப்படியான ஆதாரம் எதையும் காட்டவில்லை. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் 1983-இல், அடிப்படை உரிமை பறிபோனால் 'போய் வா' என்று வெறுமனே விடுவிப்பது மட்டும் போதாது, இழப்பீடும் தரலாம் என்று வழி திறந்தார். இடைக்கால நிவாரணமாக மொத்தம் 35,000 ரூபாய். கணக்குப் போட்டுப் பார், நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூடத் தேறாது. இருந்தாலும் இன்று நாம் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனுப் போட்டு இழப்பீடு கேட்க முடிகிறதென்றால், அந்த மனிதர் இழந்த பதினான்கு ஆண்டுகளின் மேல் நின்றுகொண்டுதான் கேட்கிறோம். 1993-இல் நீலபதி பெஹரா வழக்கில், காவலில் மகனைப் பறிகொடுத்த ஒடிசாத் தாய்க்கு ஒன்றரை லட்சம் கொடுக்கச் சொன்னபோது, இறையாண்மை என்ற சாக்கு இங்கே செல்லாது என்று நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

நம் நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணனைப் பற்றி நீயே எழுதியிருக்கிறாய், "அவருக்கு ஐம்பது லட்சம் கொடுத்தார்களே" என்று. கொடுத்தார்கள். எப்போது கொடுத்தார்கள் என்று பார். 1994 நவம்பர் 30-இல் உளவு வழக்கில் கைது. ஐம்பது நாள் காவல். 1996-இலேயே வழக்கு பொய் என்று சி.பி.ஐ. அறிக்கை கொடுத்துவிட்டது. 1998-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2001-இல் தேசிய மனித உரிமை ஆணையம் பத்து லட்சம் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது; அதற்கும் கேரள அரசு நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஐம்பது லட்சத் தீர்ப்பு வந்தது 2018 செப்டம்பர் 14-இல். பிறகு 2020-இல் கேரள அரசு 1.3 கோடி கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ராக்கெட் எஞ்சின் செய்தவர், சொல்வதைக் கேட்க நாட்டில் ஆள் இருந்தது, அவருக்கே இருபத்து நான்கு ஆண்டுகள். அதே வழக்கில் அவரோடு கைதான சந்திரசேகர் என்பவர் அந்தத் தீர்ப்பு வந்த சில நாள்களிலேயே காலமானார். வீட்டுக்கு வீடு மிக்ஸி ரிப்பேர் செய்யும் பையனுக்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

எல்லாருக்கும் கிடைத்ததும் இல்லை. அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் ஆறு பேரை 2014-இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர்களில் மூவர் தூக்குத் தண்டனைக் கைதிகள். பத்தாண்டுக்கு மேல் சிறையில் கிடந்தவர்களும் உண்டு. விசாரித்த விதத்தை நீதிபதிகள் கடுமையாகக் கண்டித்தார்கள். ஆனால் அவர்கள் இழப்பீடு கேட்டு வந்தபோது, 2016-இல், அது ஆபத்தான முன்னுதாரணமாகிவிடும் என்று அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. எனக்கு இது இன்றுவரை செரிக்கவில்லை. ஒருவருக்கு உரிமையாகவும் இன்னொருவருக்கு ஆபத்தாகவும் ஒரே பொருள் எப்படி இருக்க முடியும்?

ஜப்பானில் இது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. கைதாகி, பின் நிரபராதி என்று விடுதலையானால் அரசிடம் இழப்பீடு கேட்கலாம் என்று 40-ஆவது விதி சொல்கிறது. நாள் கணக்கில் தொகை. 1966-இல் கைதாகி அரை நூற்றாண்டு தூக்குக் கயிற்றின் நிழலில் இருந்த ஹகமாடா என்ற முதியவரை 2024-இல் நிரபராதி என்று தீர்ப்பளித்தார்கள். நாளொன்றுக்கு 12,500 யென் வீதம் 21 கோடி யென்னுக்கு மேல் கொடுக்கும்படி 2025-இல் உத்தரவானது. அந்த வாழ்க்கையை எந்தத் தொகையும் திருப்பித் தராது, தெரியும். ஆனால் அவர் யார், எவ்வளவு பிரபலம், எந்த நீதிபதியின் முன் வழக்கு வந்தது என்பதை வைத்துத் இழப்பீடு உண்டா இல்லையா என்று முடிவாவதில்லை பார், அதைத்தான் சொல்கிறேன். நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் தன் 277-ஆவது அறிக்கையில் எழுதியது. தவறான வழக்குகளுக்கு இழப்பீடு கேட்கத் தனி நீதிமன்றங்கள், குறித்த காலத்தில் முடிவு, எல்லாம் அதில் இருக்கிறது. புதிய சட்டம் எழுதியபோது அதை எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசிப் பக்கத்தில் உன் தங்கை சொன்னதை எழுதியிருக்கிறாய்: "பணம் ஒன்றும் வேண்டாம் அண்ணா, இருக்கிற மானமாவது மிஞ்சட்டும்." அவர் மனம் புரிகிறது. ஆனால் இதில் நான் அவரோடு உடன்படவில்லை. கைதான அன்று பையனை நிற்க வைத்து எடுத்த படம் மறுநாள் செய்தித்தாளில் வந்தது. குற்றப்பத்திரிகையில் பெயர் இல்லை என்பதை எந்தச் செய்தித்தாள் போட்டது? 'இவன் தவறு செய்யவில்லை, தவறு எங்களுடையது' என்று முத்திரையோடு ஒரு தாள் இதுவரை அவன் கையில் இல்லை. இழப்பீட்டு உத்தரவுதான் அந்தத் தாள். தொகை பத்தாயிரமோ பத்து லட்சமோ, அதைக் காட்டித்தான் அவன் அடுத்த பட்டறையில் வேலை கேட்க முடியும், பெண் கேட்கவும் முடியும். தங்கையிடம் இப்படிச் சொல்லிப் பார்.

எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு. அந்தப் பணம் கஜானாவிலிருந்து மட்டும் போகக் கூடாது. வாச்சாத்தி வழக்கில் 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து லட்சம் கொடுக்கச் சொன்னபோது, அதில் பாதியைத் தண்டனை பெற்றவர்களிடமிருந்தே வசூலிக்கச் சொன்னது. அது மிகக் கொடிய வழக்கு, நம்முடையதோடு ஒப்பிடவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டு ரிமாண்டுக்கு அனுப்பியவரின் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாய் பிடித்தாலும், அடுத்த முறை ஒரே நிற வண்டியைப் பார்த்ததும் கை கொஞ்சம் தயங்கும்.

இப்போது நாம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். சட்டவிரோதக் காவலுக்கு சிவில் வழக்குப் போடவும் வெளியே வந்த நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. அரசு மேல் வழக்கென்றால் அதற்கு முன் இரண்டு மாத நோட்டீஸ் வேறு. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சொல்லியிருப்பது நமக்குப் பலம். ஆவணி தாண்டினால் ஆணையத்தின் கதவு மூடிவிடும்.

கைதுக் குறிப்பாணையின் நகலை நீ அனுப்பியது நல்லதாயிற்று. "மறுநாள் மாலை பேருந்து நிலையம் அருகே சந்தேகத்துக்கு இடமாக நின்றிருந்தபோது" பிடித்ததாக அதில் இருக்கிறது. நீயோ முதல் நாள் இரவு வீட்டிலிருந்து அழைத்துப் போனதாக எழுதியிருக்கிறாய். கைதானவரை நடுவர் முன் நிறுத்த வேண்டிய இருபத்து நான்கு மணி நேரக் கணக்கைச் சரிக்கட்ட வழக்கமாகச் செய்வதுதான். நம் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் விதித்தபடி அந்தத் தாளில் குடும்பத்தார் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இதில் இருக்கும் இரண்டு கையெழுத்தும் யாருடையவை என்று தங்கையிடம் காட்டிக் கேள். அன்று இரவு ஜீப் வந்ததைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் சொல்லத் தயாரா என்றும் கேள். தெருமுனை மளிகைக் கடைக் கேமராவில் பழைய பதிவு இருக்க வாய்ப்பில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை விசாரி.

ஆனி பிறந்ததும் மதுரைக்கு வா. ஜாமீன் உத்தரவு, குற்றப்பத்திரிகை நகல், அந்தச் செய்தித்தாள், பட்டறை முதலாளி வேலையை விட்டு நிறுத்தியதற்கு ஏதாவது எழுத்து இருந்தால் அது, சிறையில் காய்ச்சல் வந்தபோது கொடுத்த மருந்துச் சீட்டு, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வா. பையனையும் கட்டாயம் அழைத்து வா. நீ சொல்லி நான் எழுதுவது வேறு, அவன் வாயால் கேட்டு எழுதுவது வேறு. அவனுக்குப் பேசத் தயக்கமாக இருந்தால் இரண்டு நாள் இங்கேயே தங்கட்டும். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. பீஸ் பற்றி எழுதியிருந்தாயே, அந்த வரியை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்.

முழங்கால் வலியால் நான் இப்போது கோர்ட்டுப் படியில் மெதுவாகத்தான் ஏறுகிறேன், மற்றபடி சுகம். தங்கைக்கு என் அன்பைச் சொல்.

உன்
பழைய அறைத் தோழன்