மரம் நடப் போனவர்கள் கல் அடுக்கிய கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்கப் பஞ்சம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டிராக்டரும் வீரிய விதையும் உரமும் கப்பலேற்றி அனுப்பிவிட்டால் அங்குள்ள கிராமத்துக் குடும்பங்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே விளைவித்துக்கொள்ளும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அங்கே ஏற்கெனவே நடந்திருப்பதையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவின் வடபகுதியில் யாத்தெங்கா என்று ஒரு வட்டாரம். எழுபதுகளின் வறட்சியில் நிலம் ஓடு போல இறுகிவிட்டது. பெய்கிற கொஞ்ச மழையும் மண்ணுக்குள் இறங்காமல் மேலாகவே ஓடிவிடும். 1979-ல் ஆக்ஸ்பாம் என்ற தொண்டு அமைப்பு அங்கே போனது மரம் வளர்க்கத்தான். கன்றுகளுக்காகக் கட்டிய சிறு வரப்புகளில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்த ஊர்க்காரர்கள் அங்கே தானியத்தை விதைத்தார்கள். வயிற்றுப்பாடு முதலில், மரம் அப்புறம். அந்த அமைப்பும் பிடிவாதம் பிடிக்காமல் திட்டத்தையே மாற்றிக்கொண்டது.

சரிவுக்குக் குறுக்கே கல் வரிசை போடுவது அந்த மக்களின் பழைய வழக்கம். கண்மதிப்பில் போட்டால் மட்டம் பிசகும், தாழ்ந்த இடத்தில் தண்ணீர் சேர்ந்து உடைத்துக்கொண்டு போகும். இதற்கு வெளியிலிருந்து வந்த உதவி, நம் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டம். உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் குழாய், இரண்டு கம்பு, அவ்வளவுதான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே அளவில் நின்றால் அந்த இரண்டு இடமும் ஒரே மட்டம். அந்தக் கோட்டில் கல்லை அடுக்க வேண்டியது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாளில் பழகிவிடலாம். தண்ணீர் கல்லிடுக்கில் நிதானமாகக் கசிந்து போகும். வண்டலும் சருகும் பின்னால் தங்கிவிடும்.

அதே வட்டாரத்தில் யாக்குபா சவடோகோ என்ற விவசாயி, 'சாய்' என்னும் பழைய குழி முறையை எண்பதுகளின் தொடக்கத்தில் சீர்படுத்தினார். மழைக்கு முன்பே ஒரு சாண் அகலத்துக்குக் குழி தோண்டி, அதில் ஒன்றிரண்டு கையளவு எருவைப் போட வேண்டும். எருவைத் தேடிக் கரையான் வரும். நாமாக இருந்தால் மருந்துக் கடைக்கு ஓடியிருப்போம். அங்கே கரையான் போடும் துளைகள் வழியாகத்தான் மழைநீர் கீழே இறங்குகிறது. பிறகு கம்போ சோளமோ விதைக்கலாம். (இந்த இரண்டு தானியமும் நமக்கே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவைதான்.) அவரைப் பைத்தியம் என்றார்கள், அவர் வளர்த்த காட்டுக்குத் தீயும் வைத்தார்கள். 2018-ல் அவருக்கே, 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

அதே ஆண்டு அந்த விருதைப் பெற்ற இன்னொருவர் ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ. நைஜர் நாட்டில் நட்ட கன்றுகள் பட்டுப்போவதைப் பார்த்துச் சலித்தவர், வயலில் புதர் என்று நினைத்திருந்தவை வெட்டிய மரங்களின் தூரிலிருந்து வந்த துளிர்கள் என்று கண்டுகொண்டார். அவற்றைக் கவாத்து செய்து காத்தாலே போதும். இன்று அந்நாட்டில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் இப்படி மரங்கள் நிற்கின்றன.

உரமே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. 2005-ல் மலாவி அரசு மானிய விலையில் உரம் கொடுக்கத் தொடங்கிய பிறகு மக்காச்சோள விளைச்சல் கூடியது உண்மை. ஆனால் இறக்குமதி உரம். 2022-ல் உக்ரைன் போரால் விலை ஏறியபோது அந்த நாடு திண்டாடிப்போனது.

குழி முறையில் குறை இல்லாமலும் இல்லை. ஒரு ஹெக்டேருக்குக் குழி தோண்டச் சுமார் 300 மணி நேர உழைப்பு வேண்டும். ஆண்கள் கூலி வேலைக்கு ஐவரி கோஸ்ட் பக்கம் போய்விட்ட வீட்டில், கைக்குழந்தையோடு இருக்கும் பெண் இதை எப்படிச் செய்வாள்? பக்கத்தில் கல் தீர்ந்துவிட்டால் தூரத்திலிருந்து சுமந்து வரவும் முடியாது. உதவ நினைப்பவர்கள் கை கொடுக்க வேண்டிய இடம் இதுதான்: கடப்பாரை, கழுதை வண்டி, கல் ஏற்ற ஒரு லாரி, குழி தோண்டுபவருக்கு நாள் கூலி.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் டிராக்டர் கணக்குக்குப் பக்கத்தில் இந்த லாரிக்கு டீசல் கணக்கையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர்,
மணப்பாறை