சோடா ஃபவுண்டன் மீண்டும் இயங்குகிறது: உதவியவர்களுக்கு எங்கள் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பென்சில்வேனியாவில் நாங்கள் வாழும் சிற்றூரின் கடைவீதியில் நெடுங்காலம் பூட்டிக் கிடந்த பழைய டைம் ஸ்டோரின், அதாவது ஐந்து-பத்து சென்ட் கடையின், சோடா ஃபவுண்டன் (சோடா நீரில் சிரப் கலந்து பரிமாறும் குழாய் மேடை) பழுதுபார்க்கப்பட்டு மறுபடியும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதிய நன்றிக் கடிதம் கடைவாசலில் இருக்கிறது. ஆயினும், பொருளும் உழைப்பும் தந்தவர்களில் பலர் சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பத்தினர் என்பதால், அவர்களுக்கும், “சோடா விற்ற இடத்துக்கு இத்தனை பாடு எதற்கு?” என்று உரிமையோடு கேட்ட உறவினர்களுக்கும் தமிழிலேயே எழுதுவதுதான் முறை.

கட்டடத்தை இடித்து வாகன நிறுத்தம் அமைக்க எண்ணியிருந்தும், மனம் மாறி, ஃபவுண்டனை அதன் இடத்திலேயே விட்டுவைக்க இசைந்த உரிமையாளருக்கு முதல் நன்றி. இவ்வகைக் கடைகள் வேரூன்றியதே எங்கள் மாநிலத்தில்தான் என்பதை அவரிடம் எடுத்துச் சொன்னோம். ஃபிராங்க் வின்ஃபீல்ட் வுல்வொர்த் 1879 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்து யூட்டிகாவில் திறந்த ஐந்து சென்ட் கடை சில மாதங்களிலேயே மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் அவர் திறந்த கடை நிலைத்தது. விற்பனையாளர் எடுத்துக் காட்டும்வரை காத்திராமல், பரப்பி வைத்த பொருளைத் தானே தொட்டுப் பார்த்து, எழுதிய விலையைக் கொடுத்து வாங்கிச் செல்லும் வசதி எளிய மக்களை ஈர்த்தது. 1912இல் போட்டி நிறுவனங்களை இணைத்துக்கொண்டபோது அந்நிறுவனத்திடம் 596 கடைகள் இருந்தன. ஐந்தும் பத்துமாகச் சேர்ந்த காசில் மறு ஆண்டே நியூயார்க்கில் 792 அடி உயர மாளிகை எழுந்தது.

அந்தக் காசு யார் உழைப்பில் சேர்ந்தது என்பதை எங்களுக்கு மறக்காமல் நினைவூட்டியவர், இளவயதில் இங்கே விற்பனைப் பெண்ணாகப் பணியாற்றிய மூதாட்டி ஒருவர். எந்த பம்பில் எந்த சிரப் இருந்தது என்பதை நினைவிலிருந்தே அவர் சொன்னதால்தான் தேய்ந்துபோன பெயர்த்தகடுகளைச் சரியான வரிசையில் பொருத்த முடிந்தது. 1937இல் டெட்ராய்ட் வுல்வொர்த் கடைக்குள்ளேயே அமர்ந்து ஒரு வாரம் போராடி ஊதிய உயர்வு பெற்ற பெண்களைப் பற்றி முதன்முதலில் அவர் வாயிலாகவே அறிந்தோம். அந்த அம்மையாருக்கு எங்கள் வணக்கம்.

வேலையில் மிகக் கடினமான பகுதி, வெளியே தெரியாத குழாய்கள். கரியமில வாயு கலந்த நீர் அமிலத்தன்மை உடையது. செம்புக் குழாயில் தங்கினால் செம்பை அரித்துத் தன்னுள் கரைத்துக்கொள்ளும், அதைக் குடித்தவருக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வரும். பழைய குழாய்களை அகற்றித் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களைப் பதித்து, சோடா நீர் கட்டடத்தின் செம்புக் குழாய்களுக்குள் திரும்பிப் புகாதபடி தடுப்பு வால்வும் பொருத்தி, கூலி வாங்க மறுத்துவிட்ட பிளம்பருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். கைப்பிடியை முன்னால் இழுத்தால் நீர் தாரையாக இறங்க வேண்டும். பின்னால் தள்ளினால் ஊசிபோல் மெல்லியதாகப் பீறிட்டு அடியில் கிடக்கும் சிரப்பைக் கலக்க வேண்டும். இரண்டும் சரியாக அமையும்வரை அவர் அசரவில்லை. சோதனைக்கு வந்த சுகாதார ஆய்வாளர் விதிகளைத் தளர்த்தாமல், ஆனால் பொறுமையாக விளக்கியதும் பேருதவி.

விரிசல் கண்ட சலவைக்கல்லை ஒட்டுத் தெரியாமல் இணைத்த கல்தச்சர், 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கில் சோடா இயந்திரங்கள் செய்த ஜான் மேத்யூஸ் சலவைக்கல் சில்லுகளின் மேல் கந்தக அமிலம் ஊற்றித்தான் சோடாவுக்கு வாயு எடுத்தார் என்று கேள்விப்பட்டு, தம் பட்டறைக் கழிவைத் தரவா என்றார். சிகாகோவில் ஜேக்கப் பௌர் 1888இல் தொடங்கிய நிறுவனம் திரவ வாயுவைச் சிலிண்டரில் அடைத்து விற்கத் தொடங்கிய பின் அந்தத் தொல்லை ஒழிந்துவிட்டதால், அவருடைய தாராளத்தை ஏற்க இயலவில்லை. குழாய்த் தலைகளுக்கு நிக்கல் முலாம் பூசித் தந்தவருக்கும் நன்றி.

விளக்கப் பலகைகளை எழுதிய நூலகர் இல்லையேல் இது வெறும் இனிப்பான நினைவாக முடிந்திருக்கும். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் எசல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசஃப் மெக்நீல் என்ற நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் உணவு மேடையில் அமர்ந்து காபி கேட்டார்கள். கடையில் பற்பசை வாங்க அவர்களை அனுமதித்த அதே நிறுவனம் அங்கு உட்கார்ந்து உண்ண அனுமதிக்கவில்லை. போராட்டம் பரவி, ஜூலை 25 அன்றுதான் கறுப்பினத்தவருக்கு இருக்கை மறுக்கும் அந்த வழக்கம் அங்கே முடிவுக்கு வந்தது. இதைப் பலகையில் சேர்ப்பது கொண்டாட்டத்துக்குப் பொருந்தாது என்று குழுவில் சிலர் தயங்கினர். சேர்க்காவிட்டால் தாம் எழுதப்போவதில்லை என்று நூலகர் உறுதியாக நின்றார். அவர் நின்றது சரி என்பதே இன்று குழு முழுவதன் கருத்து.

1962இல் மட்டும் கேமார்ட், வால்மார்ட், டார்கெட் ஆகிய மூன்று தள்ளுபடிப் பெருங்கடைத் தொடர்களின் முதல் கடைகளும் திறந்தன. நகர்ப்புறத்துக்கு வெளியே விரிந்த அவற்றின் வாகன நிறுத்தங்களுக்கு முன் கடைவீதிக் கடைகள் தாக்குப்பிடிக்கவில்லை. 1997இல் வுல்வொர்த்தே அமெரிக்காவில் இவ்வகைக் கடைகளை மூடிவிட்டது.

மொய் எழுதுவதுபோல் சிறுதொகையேனும் தவறாமல் அனுப்பிய தமிழ்க் குடும்பங்களுக்கும், வார இறுதிகளில் வந்து துரு தேய்த்த அவர்களின் பிள்ளைகளுக்கும் தனி நன்றி. உரிமம் பெற்ற சமையற்கூடத்தில் நன்னாரி சிரப் காய்ச்சித் தந்த சகோதரியரின் கைவண்ணத்துக்கு ஒரு பம்பை ஒதுக்கியுள்ளோம். இங்குள்ளோர் அறிந்த சார்சபரில்லாவும் நன்னாரியும் வெவ்வேறு செடிகள் என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருப்பது இன்பமான தொல்லை.

வரவுசெலவுக் கணக்கு கடையில் அனைவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளது. நன்கொடை ரசீது இன்னும் கிடைக்காதவர்கள் கல்லாவில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
சோடா ஃபவுண்டன் சீரமைப்புக் குழுவினர்