திரைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒரு படம் என்ற வழக்கம் இந்த ஆண்டும் தொடர்ந்தது. நவம்பரில் மட்டும் மழையால் கூட முடியவில்லை. எல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் திரையிடலைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். செயற்குழுவுக்கு வந்த கடிதங்கள் அத்தனையும் அதைப் பற்றித்தான்.

படம், எய்ச்சி யமமோட்டோ 1973-இல் இயக்கிய ‘கனாஷிமி நோ பெல்லடோன்னா’. துண்டறிக்கையில் ‘ஜப்பானிய அனிமேஷன்’ என்று போட்ட நான், ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று போட மறந்துவிட்டேன். மூத்த உறுப்பினர் ஒருவர் இரண்டு பேரப்பிள்ளைகளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். பெயர் ஓடும்போதே அவர் காதில் விஷயத்தைச் சொல்லி, பிள்ளைகளை வாசலுக்கு அழைத்துப்போய்ச் சுண்டல் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தோம். அவர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தப்பு என்னுடையதுதான்.

சற்று நேரத்தில் புரொஜக்டர் பார்க்கும் தம்பி எழுந்து லேப்டாப்பைத் தட்ட ஆரம்பித்தார். பாட்டு ஓடுகிறது, ஆள் அசையவில்லை, ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். படமே அப்படித்தான். குனி ஃபுகாய் வரைந்த நீர்வண்ண ஓவியங்களின் மேல் கேமரா மெதுவாக ஊர்கிறது, ஓவியச் சுருளை விரித்துக் காட்டுவதுபோல. ‘ஸ்லைடு ஷோவுக்கா சந்தா கட்டினோம்?’ என்று ஒரு கடிதம் கேட்கிறது.

அதற்குப் பதில் சொல்ல வேண்டும். முஷி புரொடக்‌ஷன், ஜப்பானியச் சித்திரக்கதைக் கலைஞர் ஒசாமு தெசுகா 1961-இல் தொடங்கிய ஸ்டூடியோ; இந்தப் படத்தை எடுத்தது அதுதான். 1963 முதல் ‘அஸ்ட்ரோ பாய்’ தொடரை வாராவாரம் தொலைக்காட்சிக்குத் தர வேண்டியிருந்தது. வாயை மட்டும் அசைத்து, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டு, குறைந்த ஓவியங்களில் ஒப்பேற்றப் பழகினார்கள். யமமோட்டோ அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர். பெரியவர்களுக்கென அங்கே எடுத்த மூன்று படங்களில் இது கடைசி. முடிவதற்குள் தெசுகா விலகியிருந்தார். கைச்செலவுக்கு வழியில்லாமல் பழகிய சிக்கனம் இதில் அழகாகிவிட்டது. அசையாமல் கிடந்த படம் திடீரென்று அசையும்போது தூக்கிவாரிப் போடுகிறது. கொள்ளைநோய் வரும் இடத்தில் ஊரே உருகி வழிகிறதே, அதற்காகவே நான் இன்னொரு முறை பார்ப்பேன்.

கதை, பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் மிஷ்லே 1862-இல் சூனியக்காரிகளைப் பற்றி எழுதிய நூலிலிருந்து வந்தது. இடைக்காலப் பிரான்சில் கல்யாணமான அன்றே பண்ணையதிபதியால் சிதைக்கப்படும் ழான் என்ற பெண், சாத்தானோடு கைகோர்த்து, கடைசியில் எரிக்கப்படுகிறாள். தலைப்பில் வரும் பெல்லடோன்னா என்றதும் நம்மில் பலருக்கு ஓமியோபதி மாத்திரை ஞாபகம் வரும். அதே நச்சுச்செடிதான், அதை மருந்தாக்கித்தான் அவள் நோயாளிகளைக் காப்பாற்றுகிறாள்.

பெண் உறுப்பினர் ஒருவர் எழுதிய கடிதத்தை ஒதுக்கிவிட முடியவில்லை. ‘அவளுக்காகப் பேசுகிற படம், அவள் உடம்பை ஏன் இத்தனை ஆசையோடு பார்க்கிறது?’ என்கிறார். வன்புணர்ச்சிக் காட்சியில் சிவப்பு அவள் உடலை இரண்டாகக் கிழிக்கிறது; அங்கே வலிதான் தெரிகிறது. மற்ற இடங்களில் அவர் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது. முடிவில் பிரெஞ்சுப் புரட்சியையும் பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா வரைந்த, கொடியேந்தி மக்களை நடத்தும் பெண்ணின் ஓவியத்தையும் கொண்டுவந்து ஒட்டியதில் செயற்குழுவில் யாருக்குமே திருப்தியில்லை.

இனி வயது வரம்பைத் துண்டறிக்கையின் முதல் வரியிலேயே போடுவதெனத் தீர்மானித்திருக்கிறோம். படம் முடிந்ததும் கலந்துரையாடலுக்கு அரைமணி நேரம் ஒதுக்கப்படும். அப்புறம், மண்டபத்து வாசலில் செருப்பு மாறிப்போவதாக வந்த புகாருக்கும் ஏற்பாடு செய்கிறோம்.

முஷி புரொடக்‌ஷன் அந்த 1973-இலேயே திவாலானது. நம் சங்கத்தின் வரவு செலவை இப்போது பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்குள் எழுந்து போய்விட வேண்டாம்.