காரில் மரப்பிசின்: சுரண்ட வேண்டாம்

வணக்கம். திறந்தவெளி கார்பார்க்கில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் கவனிக்கவும். நேற்று என் பானட்டில் மிளகு அளவில் ஏழெட்டுப் பொட்டுகள், தொட்டால் கண்ணாடி மாதிரி கெட்டி. போன வருடம் இதையே நகத்தால் சுரண்டி, இன்றுவரை தெரிகிற கீறல் போட்டவன் நான்.

மெல்லிய பிசுபிசுப்பு படலமாக இருந்தால் பெரும்பாலும் அது பிசின் இல்லை. இலையில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீர். வெதுவெதுப்பான தண்ணீரும் கார் ஷாம்பூவுமே போதும்.

கெட்டிப் பிசினுக்கு முதலில் தூசி போகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் மணலே பெயின்டைக் கீறும். அப்புறம் மைக்ரோஃபைபர் துணியில் 70% ரப்பிங் ஆல்கஹால் (மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) நனைத்து, பொட்டின் மேல் 30 விநாடி வைத்திருங்கள். அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். போகவில்லையா, மறுபடி வையுங்கள். உடனே கழுவி, அந்த இடத்தில் மட்டும் வேக்ஸ் போடுங்கள். ஆல்கஹால் பழைய வேக்ஸையும் எடுத்துவிடும்.

தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், பிளேடு மூன்றும் கூடாது. மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட், ஸ்டிக்கர் ஒட்டிய கார் என்றால் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள். மத்தியான வெயிலில் சுடுகிற பானட்டில் செய்யாதீர்கள், ஆல்கஹால் வேலை செய்யுமுன் ஆவியாகிவிடும்.

என்னிடம் ரப்பிங் ஆல்கஹால் அரை பாட்டில் மிச்சம் இருக்கிறது. வேண்டுமானால் மெசேஜ் போடுங்கள், கீழே கொண்டுவந்து தருகிறேன்.