பணியாரம் சுட்டுச் சேர்த்த நிதி

காரைக்குடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோயம்புத்தூர் விடுதிச் சாப்பாடு ஒருவழியாகப் பழகிவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். எங்கள் கல்லூரியில் நிதி திரட்ட ஒரு விழா நடத்தினோம். அந்த அலைச்சலில்தான் உடனே பதில் எழுத முடியவில்லை.

பருவக் கட்டணம் கட்ட வழியில்லாமல் பாதியில் நின்றுபோகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். போன வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் இப்போது துணிக்கடையில் நிற்கிறாள். அந்த வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி ஆகியிருக்க வேண்டியவள். இனி யாருக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் இந்த நிதி. குழுவில் சேரச் சொன்னபோது மறுபேச்சுப் பேசவில்லை.

முதல் கூட்டத்தில் பலரும் இன்னிசைக் கச்சேரி வைக்கலாம் என்றார்கள். எனக்கு உடன்பாடில்லை. மேடை, ஒலிபெருக்கி, விளக்கு, பாடுகிறவர்கள் சம்பளம் என்று வசூலில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அதைவிட நம் பலகாரத்தைப் போடுவோம், முன்கூட்டியே டோக்கன் விற்போம், எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்தால் அரிசியும் வீணாகாது என்றேன். கொஞ்சம் வாக்குவாதத்துக்குப் பிறகு சரி என்றார்கள். பள்ளத்தூரில் ஒரு பெரியவர் தன் பழைய வீட்டை ஒரு நாளைக்குத் தந்தார். வளவு என்கிற முன்முற்றத்தில் பந்தி, அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டில் அடுப்பு.

பலகாரத்துக்குத் தலைமை ஏற்றவர் அந்தத் தெருவில் இருக்கும் ஓர் ஆச்சி. உதவி கேட்டுப் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி பலகாரத்தைப் பற்றியதே இல்லை. "கணக்கு யாரு எழுதுறது ஆத்தா?" என்றார். நாங்கள் விழித்தோம். ஒரு நோட்டு வாங்கி, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு, ஓசியில் வந்த எண்ணெய்க்கும் விலை போட்டு எழுது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் அரிசியைப் பற்றிப் பேசினார்.

வெள்ளைப் பணியாரத்துக்கு அவர் அளந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீ. உழக்கில் பச்சரிசியைத் தலை தட்டி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தார். வழிந்து விழுந்தது போக நிற்கிற உளுந்துதான் அளவு. இரண்டையும் ஒன்றாக ஊறவைத்து வெண்ணெய் மாதிரி ஆட்டி, எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் உப்பி மேலே வருகிறது. நிறம் மாறுவதற்குள் திருப்பி எடுத்துவிட வேண்டும். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். இனிப்புக்குக் கந்தரப்பமும் கவுனி அரிசியும்கூட இருந்தன, ஆனால் பணியாரத்துக்குத்தான் அடிதடி.

பணம் கேட்கப் போவது எனக்குப் பெரிய தயக்கமாக இருந்தது. அதை மாற்றியவர் ஒரு மளிகைக் கடைக்காரர். "மகமைன்னு ஒதுக்கி வைக்கிறது எதுக்கு? இதுக்குத்தான்" என்று சாதாரணமாகச் சொன்னார். வியாபாரத்தில் ஒரு பங்கை தர்மத்துக்கென்று எடுத்து வைக்கும் பழக்கம் இங்கே ஊறிய ஒன்று. தினமும் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடத்தைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போகிறேன். அந்த ஆய்வுக்கூடத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார், 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார் என்று பள்ளியில் படித்தோமே, நினைவிருக்கிறதா? அப்போது அது வெறும் பாடம். இப்போது அந்த வாசலைப் பார்த்தால், அள்ளிக் கொடுத்தவரோடு, நல்லதுக்காக நம்பிக்கையாகக் கேட்கிறவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். நல்ல காரியத்துக்குக் கேட்பதில் கூச்சம் எதற்கு?

ஆனால் கேட்கிறவருக்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் நன்கொடை கொடுத்தால் அதற்கு வருமான வரிக் கழிவு கிடையாது. அதனால் பெரிய தொகைகளைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ வாங்கினோம். சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்புகிறோம் என்றபோது இன்னொரு சிக்கல். இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு அங்கே சம்பாதிக்கிறவர் தன் சொந்தப் பணத்தை வங்கி மூலம் அனுப்பலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும், அதை வாங்க மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் அக்கரையில் இருப்பதால் இது சின்ன விஷயம் இல்லை. சிலருக்கு வருத்தத்தோடு மறுப்பு எழுதினோம்.

செலவு போக நின்ற தொகை எட்டுப் பேரின் இந்தப் பருவக் கட்டணத்துக்குக் காணும். மறுநாளே வரவு செலவைக் கல்லூரி வாசலில் ஒட்டினோம். பத்து ரூபாய் கொடுத்தவர் பெயரும் அதில் உண்டு. அதைப் படித்துவிட்டு, விழாவுக்கு வராத ஒருவர் உள்ளே வந்து காசோலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆச்சி கேட்ட கேள்வியின் அருமை அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

இப்போது குழுவில் ஒரு விவாதம் ஓடுகிறது. உதவி பெறுகிறவர்கள் பெயரையும் பலகையில் போட வேண்டும், அப்போதுதான் கணக்கு முழுமை என்கிறார்கள் சிலர். கூடவே கூடாது என்பது என் கட்சி. எத்தனை பேருக்கு எவ்வளவு என்று போட்டால் போதும், பெயர் முதல்வர் அறைக் கோப்பில் இருக்கட்டும். உதவி தேவைப்படும் ஒரு பெண் கூச்சப்பட்டுக்கொண்டு விண்ணப்பமே போடாமல் போய்விட்டால் இத்தனை பாடும் யாருக்காக? உங்கள் கல்லூரியில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்து எழுது. வியாழக்கிழமை கூட்டத்துக்குள் தெரிந்தால் நல்லது. எழுத நேரமில்லை என்றால் போனிலாவது சொல்லிவிடு.

அன்புடன்,
உன் தோழி