பன்னிரண்டு ஸ்பாட் அண்ணன்மார்களுக்கு

சேலத்தில் வீட்டுக்கு வீடு ஒருவர் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் பேசி, தலைக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்து, பார்க்க வேண்டிய இடங்களை நம்பர் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற அண்ணன்மார்களே, மாமாக்களே, மச்சான்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் சேலத்துக் குகைப் பகுதியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வெள்ளிப் பட்டறை. வாரம் ஆறு நாளும் கொலுசு வேலை, ஞாயிறு ஒரு நாள்தான் சத்தம் ஓயும். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை என்று ஆரம்பித்தால் அது பொய். கொஞ்சம் குறை சொல்லத்தான் எழுதுகிறேன். நன்றியும் இருக்கிறது. நீங்கள் கிளப்பிவிடவில்லை என்றால் எங்களில் பாதிப் பேர் தெருமுனையைத் தாண்ட மாட்டோம்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய மே மாதக் கதை இது. எங்கள் மச்சாண்டார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், போட்ட திட்டப்படி விடிகாலை ஐந்து மணிக்கு ஏற்காட்டுக்கு வேன். ஐந்து மணிக்கு வேன் என்றால் அடுப்பு எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் என் ஓரகத்தியும் இரண்டரைக்கு எழுந்தோம். பதினெட்டுப் பேருக்குப் புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், குழந்தைகளுக்கு இட்லி. நாத்தனாருக்குச் சர்க்கரை என்பதால் தனியாகக் கோதுமை உப்புமா. தூக்குப்போசியும் டிபன் கேரியரும் ஏறின பிறகுதான் நாங்கள் ஏறினோம். எங்களுக்குக் கிடைத்தது கடைசி சீட்.

அஸ்தம்பட்டி தாண்டி, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டி மச்சாண்டார் பிள்ளைகளுக்குச் சினிமாக் கதை சொல்லி முடிப்பதற்குள் அடிவாரம் வந்துவிட்டது. அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு. ஏழாவது வளைவில் பெரிய பையன், பதினொன்றில் நாத்தனார், பதினான்கில் நான். எலுமிச்சம்பழமும் கேரி பேக்கும் கைமாறிக்கொண்டே இருந்தன. நடுராத்திரி எழுந்து, வெறும் வயிற்றில் காபி ஊற்றி, கடைசி சீட்டில் உட்கார்ந்தால் வேறு என்ன நடக்கும்? வண்டி திரும்புவதைக் காது உணர்கிறது, கண்ணோ அசையாத முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வயிறுதான் கலங்கும். வாந்தி வருகிறவரை முன்னால் உட்கார வைத்துத் தூரத்து மலையைப் பார்க்கச் சொன்னால் பாதி சரியாகிவிடும். ஆனால் முன் சீட் எப்போதும் திட்டம் போட்டவருக்கு.

அன்றைய பட்டியலை இன்னும் போனில் வைத்திருக்கிறேன். போட் ஹவுஸ், அண்ணா பூங்கா, மான் பூங்கா, லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், ரோஜாத் தோட்டம், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, கரடிக் குகை, சேர்வராயன் கோயில், ராஜராஜேஸ்வரி கோயில், கரடியூர் வியூ பாயிண்ட். பன்னிரண்டு. கையில் இருந்தது ஒன்பது மணி நேரம். அப்படியானால் இடத்துக்கு முக்கால் மணி. அதில் வேன் ஓடுவது, நிறுத்த இடம் தேடுவது, பாத்ரூம் வரிசை, ஏறும்போது தலை எண்ணுவது, எண்ணிக்கையில் ஒன்று குறைந்து ஐஸ்கிரீம் கடையில் கண்டுபிடிப்பது, இத்தனையையும் கழித்துப் பாருங்கள். மிச்சம் ஒரு போட்டோ எடுக்கத்தான் ஆகும்.

என் மாமியாருக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். ஒவ்வொரு இடத்திலும், "அத்தை, நீங்க உட்காருங்க, நாங்க டக்குனு பார்த்துட்டு வந்துடுறோம்" என்று இறங்கினோம். பத்துப் பேர் பையும் நாலு பேர் போனும் அவர் மடியில். சாயங்காலம் இறங்கி வரும்போது என் மகள் கேட்டாள், "ஆயா, ஏற்காட்டுல நீ என்ன பார்த்தே?"

"முன் சீட்டு முதுகு. மல்லிப்பூ போட்ட உறை. ஒரு ஓரத்துல தையல் விட்டுப்போச்சு."

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். எனக்கு அன்றிலிருந்துதான் இந்த மடல் மனதில் ஓட ஆரம்பித்தது.

இறங்கினவர்களாவது ஒழுங்காகப் பார்த்தோமா என்றால் அதுவும் இல்லை. கிளியூருக்கு அத்தனை படி இறங்கினோம், பாறை மட்டும் நனைந்திருந்தது. அந்த அருவிக்கு வருவதே ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான். மழைக்காலத்தை ஒட்டி, ஐப்பசி கார்த்திகையில் போக வேண்டிய இடத்துக்குச் சித்திரை வெயிலில் போனால் பாறைதான் மிஞ்சும். பட்டியலில் இருக்கிறதே என்று போனோம், டிக் போட்டோம், மூச்சு வாங்க ஏறி வந்தோம்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். அந்த இடத்தையும் கூட்டத்தில் மெதுவாக நடக்கிறவர் சொல்லட்டும்.

சேர்வராயன் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 5,326 அடி உயரம், மலையின் உச்சி. வண்டி பக்கத்தில் போகிறது, அதனால் முழங்கால் வலிக்காரரும் வரலாம். குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். மலையில் வாழ்கிற மலையாளிப் பழங்குடி மக்களின் சாமி, மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் அத்தனையும் திரண்டு வரும். நாங்கள் அன்று கும்பிட்டுவிட்டு ஓடினோம். வெளியே தட்டையாக விரிந்து கிடக்கிற அந்தப் புல்வெளியில் ஒரு ஜமுக்காளம் விரித்து அத்தையைச் சாய்த்து உட்கார வைத்திருந்தால், ஒரு மணி நேரத்தில் மேகம் நாலு தடவை வந்து போவதைப் பார்த்திருப்பார். சேலம் ஊர் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்பது கணக்கு. அந்தக் குளிர்ச்சிக்குத்தானே மலை ஏறுகிறோம்? அதற்கு டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது, உட்கார்ந்தால் போதும்.

காபிப் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? 1820-களில் சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காபிச் செடி கொண்டுவந்து வைத்தார் என்று எல்லோரும் சொல்வோம், கீழே வரும்போது காபித்தூளும் வாங்குவோம். பூவைப் பார்த்தவர் குறைவு. மார்ச் ஏப்ரலில் ஒரு நல்ல கோடை மழை விழுந்து ஒன்பது பத்து நாள் கழித்துப் போனால் செடி முழுக்க வெள்ளை, மல்லிகை மாதிரி வாசம். இரண்டு மூன்று நாள்தான் இருக்கும், அப்புறம் பழுப்பாகி உதிர்ந்துவிடும். தோட்டத்துக்குள் நுழைய வேண்டாம், நாகலூர்ப் பக்கம் ரோட்டோரம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நின்றாலே மூக்குக்கு வரும். இதை எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. நேரம் குறித்து நடத்த முடியாத காட்சி என்பதாலோ என்னவோ.

மே மாதத்தை விட்டுவிடுங்கள் என்றும் சொல்கிறேன். கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்கி ஒருவழிப் பாதையாக்கினாலும் வண்டிகள் ஊர்கின்றன. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் இ-பாஸ் வேண்டியிருக்கிறது. நம் மலைக்கும் அந்த நாள் வந்தால், கொல்லைப்புறத்துக்குப் போகப் போனில் அனுமதி வாங்குகிற கதையாகிவிடும். எல்லோரும் ஒரே ஞாயிற்றில் ஒரே பன்னிரண்டு இடத்துக்குப் போவதை நாமே கொஞ்சம் கலைத்துவிடலாமே.

போன தை மாதம் நான் ஒரு சின்ன டூர் நடத்தினேன். திட்டம் என்னுடையது, ஆள் மூன்று பேர்: அத்தை, மகள், நான். எங்கே போகலாம் என்று அத்தையிடம் கேட்டேன். அவரிடம் அப்படி யாரும் கேட்டதில்லை போல, இரண்டு நாள் யோசித்தார். "எங்கயாவது தண்ணி கிட்ட" என்றார். பஸ் ஏறி எடப்பாடி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் பூலாம்பட்டி. சமைக்கவில்லை. கையில் தண்ணீர் பாட்டிலும் அரைக் கிலோ கொய்யாவும்.

பூலாம்பட்டியைக் குட்டிக் கேரளா என்கிறார்கள். எனக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை. காவிரிக்கு எதற்கு இரவல் பேர்? மேட்டூரிலிருந்து இறங்கி வரும் ஆற்றைக் கதவணை போட்டுத் தேக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். அதனால் ஆறு அங்கே ஓடாது, ஏரி மாதிரி நிற்கும். எதிர்க்கரை நெருஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம், பின்னால் பாலமலை. இரண்டு கரைக்கும் நடுவே விசைப்படகு. சுற்றுலாப் படகு என்று நினைத்துவிடாதீர்கள், அது ஊர்க்காரர்களுக்கு டவுன் பஸ் மாதிரி. எங்களோடு இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு மொபெட், அதில் கட்டிய இரண்டு பால் கேன், பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பையன்.

அத்தை ஓரத்துப் பலகையில் உட்கார்ந்தார். படகு கிளம்பியதும் மொபெட் சரியாமல் இருக்க அதன் பின்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார், அவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பையனிடம் எந்த ஊர், என்ன படிக்கிறாய், அம்மா என்ன செய்கிறாள் என்று விசாரித்து முடிப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது. "அதுக்குள்ளயா?" என்றார். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். இக்கரை இறங்கியதும், "இன்னொரு தடவை" என்றார். மறுபடி போய் மறுபடி வந்தோம். மூன்றாவது முறை ஏறும்போது படகுக்காரர், "என்னங்கம்மா, அந்தப் பக்கம் எதாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். (லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் போடுவதில்லை என்று நீங்களும் விட்டுவிடாதீர்கள்.)

மத்தியானம் கரையில் மீன் வறுவலும் சோறும். நாலு மணிக்கு பஸ். செலவை எழுதினால் வேன் வாடகை கொடுத்தவர்களுக்கு வயிறு எரியும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

பஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ரயில் இருக்கிறது. டவுன் ஸ்டேஷனில் விருத்தாசலம் பாசஞ்சர் ஏறி ஆத்தூர் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து போய், சாப்பிட்டுவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பலாம். அயோத்தியாபட்டணம், வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் என்று பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடும் மாறி மாறி வரும். 2023-இல் நம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் ஜவ்வரிசி ஆகிற அந்த மரவள்ளிக் கிழங்கின் செடி எப்படி இருக்கும் என்று நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், நாளுக்கு ஓடுவது சில வண்டிகள்தான். அரை நாள்தான் இருக்கிறது என்றால் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரை. மலையிலிருந்து தண்ணீர் வந்து ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில், நடுவே இருக்கிற மண் தீவுகளில் பறவைகள் வந்து அடைவதைச் சாயங்காலம் பார்க்கலாம். வரும் வழியில் ஆளுக்கு ஒரு தட்டுவடை செட், ராத்திரிக்குச் சமைக்க வேண்டியதில்லை.

சமையல் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. டூர் என்றால் அடுப்பும் கூடவே வரக்கூடாது. கட்டுச்சோறு இல்லாமல் டூர் ருசிக்காது என்கிறீர்களா, சரி. முதல் நாள் ராத்திரி புளிக்காய்ச்சலை நீங்கள் கிண்டுங்கள். எங்கள் மச்சாண்டார் கல்யாணத்துக்கே பொங்கிப் போடுகிற ஆள், ஆனால் வேன் வருகிற அன்று மட்டும் அவருக்கு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாது. இலையோ தட்டோ வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலேயே தடை செய்துவிட்டார்கள், ஆனாலும் மலைப்பாதை வளைவுகளில் குரங்குகள் பிரித்துப் பார்க்கிற கவர்களில் நம் வீட்டுப் புளிசாதமும் இருக்கிறது. டிரைவர் தம்பியையும் பன்னிரண்டு ஸ்பாட்டுக்கு விரட்டாதீர்கள். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும். அவசரப்படுத்தினால் இரண்டும் கெடும்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் வீட்டில் மறுபடி வேன் பேசியாகிவிட்டது. மச்சாண்டார் அதே பட்டியலைத்தான் அனுப்பினார், ஒரு கண்ணாடிப் பாலமோ ஊஞ்சலோ சேர்த்துப் பதின்மூன்றாக்கி. நான் பன்னிரண்டை அடித்துவிட்டு, ஒன்றை மட்டும் விட்டுவைத்துத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். எதை விட்டுவைப்பது என்று அத்தையிடம் பேப்பரைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறார். இன்று காலை என்னைக் கூப்பிட்டு, "முன் சீட்டு யாருக்குன்னு இதுல போடலையே?" என்றார்.

இப்படிக்கு,
குகையிலிருந்து ஒரு மருமகள்