“காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்ட டாக்டரம்மாவுக்கு

வணக்கம். என் அப்பா செங்குன்றம் அரிசி ஆலை ஒன்றில் லோடுமேன். மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் கூலி; தூக்காத நாளில் காசு கிடையாது. அரிசி மூட்டை சுமக்கிறவருக்குச் சாப்பாட்டுக் குறைவா என்று கேட்காதீர்கள். அவருக்குக் காசநோய் வந்து, ஆறு மாத மருந்தும் முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று போன வாரம் ரிசல்ட் வந்தது. அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) கிடைத்தது திட்டுதான். மூன்றாவது வாரமே அப்பா மாத்திரையை நிறுத்தியிருந்தார். “சொன்ன பேச்சு கேக்காதவருக்கு என்ன வைத்தியம் பாக்குறது?” என்று அனுப்பிவிட்டார்கள். ஏன் நிறுத்தினார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, சேர்ந்து திட்டினேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்கள் சீட்டைக்கூடப் பார்க்காமல் கேட்டது, “காலையில என்ன சாப்பிட்டீங்க?” அப்பா, “டீ” என்றார். “நேத்து ராத்திரி?” அதற்கு அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெறும் டீயோடு மூன்று மாத்திரை போட்டால் குமட்டும், தலை சுற்றும், மூட்டைக்குத் தோள் கொடுக்க முடியாது, அன்றைய கூலி போச்சு. மாத்திரையா வேலையா என்று வந்தபோது வேலைக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதை ரத்தம் என்று பயந்ததையும் உங்களிடம்தான் வாய் திறந்து சொன்னார். அது மருந்தின் நிறம் என்றீர்கள்.

எடை 41 கிலோ. காலில் வீக்கம் உண்டா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்தீர்கள். 2022 முதல் ‘காசநோய் இறப்பில்லா திட்ட’த்தில் இதை எல்லா ஊரிலும் பார்க்கிறார்களாம். சரி, ஆனால் மாத்திரையை இட்லி சாப்பிட்ட பிறகு போடச் சொன்னதும், கூலி நாள் வீணாகாமல் 28 நாள் மாத்திரையை மொத்தமாகக் கொடுத்ததும் உங்கள் யோசனை.

அப்பாவைத் தனியாக எங்காவது சேர்க்க வேண்டுமா என்று அம்மா அழுதார். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியைச் சொன்னீர்கள்: பாதிப் பேருக்கு சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரி), மீதிப் பேருக்கு அவர்கள் இருந்த நெருக்கடியான ஏழை வீட்டிலேயே மருந்து, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அன்று ராத்திரிதான் அம்மா தூங்கினார்.

காசநோய்ப் பிரிவு சூப்பர்வைசர் அண்ணனுக்கும் நன்றி. சத்துணவுக்கு அரசு தரும் மாதம் 1000 ரூபாய் (2018இல் 500தான்) அப்பாவின் முடங்கிய வங்கிக் கணக்கால் நின்றபோது, வண்டியில் உட்காரவைத்து இரண்டு தடவை வங்கிக்குக் கூட்டிப்போனார். டீக்கடை அண்ணாச்சி தினமும் நான்கு இட்லி வைத்துவிட்டு, மாத்திரையை விழுங்கும் வரை எதிரிலேயே நிற்பார். கணக்கு எழுதினாரா என்று கேட்டால் முறைக்கிறார். மேஸ்திரி மாமா இப்போதைக்கு மூட்டை தைக்கும் வேலை கொடுத்திருக்கிறார். கூலி கொஞ்சம் குறைவு, பரவாயில்லை.

டாக்டரம்மா, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மில்லில் மூட்டை நிறுக்கும் மெஷினில் யாரும் பார்க்காதபோது அப்பா ஏறி நின்று பார்த்துக்கொள்கிறார். நேற்று 48.